பெடியன் கேட்டால் என்ன சொல்வது?

விசுவமடுப் பக்கத்தில் ஓட்டோ ஓடும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. நீளமான கடிதம். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கியிருக்கிறேன்.

“டொக்டர், எனக்கு 38 வயது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவருக்கு வாயில் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து, மருந்தும் ஏற்றினார்கள். இப்போது ‘இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ, நோவுக்கு மருந்து தாறம்’ என்று சொல்லிவிட்டார்கள். மனைவி 2009இல் மாத்தளனில் செல் விழுந்து செத்துப்போனா. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு இப்போது 16 வயது, ஓ.எல். சோதினை எடுக்க வேண்டியவன். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வவுனியாவில் பெடியனின் சின்னம்மா இருக்கிறா, இடைக்கிடை வந்து போவா. நான் சொந்தக்காரன் இல்லை. கிளினிக்குக்கு ஏற்றி இறக்கப் போய்ப் பழகினேன். இப்போது இரவிலும் போய் இருந்துவிட்டு வருகிறேன். போனால் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அண்ணை என்னிடம், ‘பெடியனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை, சோதினை முடியட்டும்’ என்கிறார். பெடியன் கேற்றடியில் வைத்து, ‘மாமா, அப்பாக்கு மாறுமோ?’ என்று கேட்கிறான். ‘மாறும், மாறும்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். போன கிழமை அண்ணை என் கையைப் பிடித்து, ‘இவனைப் பாத்துக்கொள்ளுவியோ?’ என்று கேட்டார். ஓம் என்றேன். மனைவிக்கு இது தெரியாது. எங்களுக்கும் மூன்று பிள்ளைகள். நான் செய்வது சரியா?”

‘மாறும், மாறும்’ என்பதில் தொடங்குவோம். உடனே நிறுத்த வேண்டியது அது ஒன்றுதான்.

பெடியனுக்குத் தெரியும். அப்பாவின் சேட்டைத் துவைத்துக் காயப்போடுகிறவன் அவன். தலையணை உறையில் படும் கசிவை விடியவில் முதலில் காண்கிறவனும் அவன்தான். சோறு குழைசாதமாகி, குழைசாதம் கஞ்சியாகி, இப்போது கஞ்சியையும் வடித்துக் கேட்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வடித்துக் கொடுக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று விளங்காமல் இருக்குமா? இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் கேள்வியைக் கேற்றடியில், அப்பாவின் காதுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கேட்கிறான். ஒன்றும் தெரியாத பிள்ளை அதை அப்பாவுக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். இவன் அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறான். அப்பா அவனைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் ஆளுக்காள் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒளித்ததை உங்களிடம் கொண்டுவந்து தருகிறார்கள்.

அப்படியென்றால் நீங்களே பெடியனிடம் சொல்லிவிடலாமா? கூடாது. அது அப்பா சொல்ல வேண்டிய செய்தி. உங்கள் வாயால் கேட்டால், ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அப்பா என்னை நம்பவில்லை என்ற எண்ணம் அவனுக்குள் விழுந்துவிடும். தகப்பன் போன பிறகு அந்த மனத்தாங்கலைத் தீர்க்க ஆள் இருக்காது. ஆனால் பொய்யும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சொல்லக்கூடியது இருக்கிறது. அடுத்த முறை கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பொய் சொல்ல மாட்டன் தம்பி. வருத்தம் கடுமைதான். அப்பாட்டக் கேள், நீ கேக்கிறதில பிழையில்லை. வேணுமெண்டா நானும் பக்கத்தில இருக்கிறன்.”

அவன் சுற்றிவளைக்காமல், “அப்பா சாகப்போறாரோ?” என்றே கேட்டுவிட்டால் முகத்தைத் திருப்பாதீர்கள். “மாத்தேலாது எண்டுதான் டொக்டர்மார் சொல்லியிருக்கினம்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ‘கடவுள் விட்ட வழி’, ‘நீதான் இனித் தைரியமா இருக்கோணும்’ போன்றவற்றை அந்த இடத்தில் சொல்லிவிடாதீர்கள். 16 வயசுப் பெடியனிடம் தைரியமாக இரு என்றால், எனக்கு முன்னால் அழாதே என்றுதான் அவனுக்குக் கேட்கும். ஓட்டோவின் பின்சீற்றில் அவனை இருத்தி, நீங்களும் பேசாமல் இருங்கள். போதும்.

அன்றைக்கே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். “அண்ணை, பெடியன் என்னட்டக் கேட்டவன். நான் பொய் சொல்லேல்ல. உங்களிட்டக் கேக்கச் சொன்னனான்.” அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும். நீங்கள் நியாயம் கதைக்க வேண்டாம். கொஞ்சம் ஆறிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அவன் இதை ஆரிட்டயிருந்து கேக்கோணும் எண்டு நினைக்கிறியள்?” இந்த வேலையில் நான் கண்ட தகப்பன்மார் அநேகமானோர் இந்தக் கேள்விக்குப் பிறகு இறங்கி வந்திருக்கிறார்கள். அண்ணை தன்னால் சொல்ல முடியாது என்றால், அடுத்த கிளினிக்குக்குப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போங்கள். துண்டு கொடுக்கும்போதே மிஸியிடம் (தாதியிடம்), “மகனுக்கும் விளங்கப்படுத்தோணும், ஒரு பத்து நிமிசம் தனியாத் தருவியளோ” என்று கேளுங்கள். கிளினிக்கில் கூட்டம் அலைமோதும், உண்மைதான். இருந்தாலும் முன்கூட்டிக் கேட்டால் ஒரு டொக்டராவது ஒத்துக்கொள்வார். அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் கேட்பது நல்லது. அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றும் இராது.

சோதினை முடியட்டும் என்ற கதையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓ.எல். திரும்ப எடுக்கலாம். எத்தனையோ பிள்ளைகள் எடுக்கிறார்கள். அண்ணைக்கு அப்படி இன்னொரு தவணை இல்லை. அதோடு, தெரிந்த பிள்ளை அழுதுவிட்டுப் படிக்கும். தெரியாத பிள்ளைதான் இரவிரவாக ஊகித்துக்கொண்டு கொப்பியை விரித்தபடி இருக்கும். அண்ணை சம்மதித்தால் வகுப்பாசிரியருக்கோ அதிபருக்கோ விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வரவு குறைந்ததற்கு மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் பேச்சு வாங்க வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோயில் உயிர் போவதற்கு வெகுமுன்னமே பேச்சுப் போய்விடலாம். நாக்கு அசையாது, தாடை இறுகிவிடும், கதைத்தால் எச்சில் வழிகிறது என்று வெட்கப்பட்டு ஆள் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். ‘இப்ப சில சொல் விளங்கேல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் இப்போதே தலைமாட்டில் வையுங்கள். பேச்சுப் போன அன்று கொப்பியை நீட்டினால் அது தண்டனையாகத் தெரியும். பேச்சு இருக்கும்போதே சின்னச் சின்ன விஷயங்களை எழுதிப் பழகினால் அப்படி இருக்காது.

வன்னியில் ஆரைக் கேட்டாலும், ‘நாங்கள் காணாத சாவோ’ என்பார்கள். கண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சாவுகள் கணப்பொழுதில் வந்தவை. பங்கருக்குள் இருந்து எட்டிப் பார்த்தவர் திரும்பி வரவில்லை, கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அண்ணை தன் மனைவியைப் புதைத்தாரா, அதற்காவது அவகாசம் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியானாலும் எட்டுச் செலவோ அந்தியேட்டியோ அன்றைக்கு நடந்திருக்காது. இப்போது நேரம் இருக்கிறது. மாதக்கணக்கில் இல்லாவிட்டாலும், நாள்கணக்கிலாவது இருக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஆட்கள் திண்டாடுகிறார்கள். மெல்ல வரும் சாவு எங்களுக்குப் பழக்கமில்லை.

இதில் ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெடியனுக்கு அம்மாவின் முகம் ஞாபகம் இராது. அம்மாவை அறிந்த ஆட்களில் அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர் இந்த ஒருவர்தான். அவ எப்படிச் சிரிப்பா, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், கலியாணம் எங்கே நடந்தது, இவன் பிறந்த அன்று என்ன நடந்தது, மாத்தளனில் எந்தப் பக்கத்தில் அவவைவிட்டு வந்தார்கள் — இதெல்லாம் அண்ணையின் நாக்கில்தான் இருக்கிறது. அவர் போனால் அவவும் இரண்டாந்தரம் போய்விடுவா. ஆகவே உங்கள் போனில் இருக்கும் ஒலிப்பதிவை எடுத்து, ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: “அண்ணை, அக்காவைப் பற்றிச் சொல்லுங்கோவன், பெடியனுக்கு வைச்சுக் குடுப்பம்.” வற்புறுத்தக் கூடாது. 2009ஐக் கிளறினால் சிலருக்கு இரவு நித்திரை போய்விடும், நெஞ்சு இடிக்கும், திரும்பவும் பங்கருக்குள் இருப்பதுபோல வியர்க்கும். அப்படிக் கண்டால் நிறுத்திவிட்டு, கலியாணக் கதைக்கோ கமக் கதைக்கோ திருப்பிவிடுங்கள். செல்லடி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா புளிக்கஞ்சி எப்படிக் காய்ச்சுவா என்று தெரிந்தால் நல்லது. பதிவை உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள், சின்னம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள். போன் தண்ணிக்குள் விழுந்தால் கதையும் போய்விடும்.

போனால் என்ன கதைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் கதைக்காவிட்டாலும் பாதகமில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் போங்கள், அதுதான் முக்கியம். செவ்வாய், வெள்ளி இரவு ஏழு மணி என்றால் அதே நேரம். வர முடியாவிட்டால் போனடித்துச் சொல்லுங்கள். படுக்கையில் கிடப்பவருக்கு, வாறன் என்று சொன்ன ஆள் வராத இரவு மிக நீளம். ‘எப்ப வேணுமெண்டாலும் கூப்பிடுங்கோ’ என்று சொல்வது சுலபம். அவர் கூப்பிட மாட்டார். கேரளத்தில் மலப்புறம், கோழிக்கோடு பக்கம் இப்படித்தான் அக்கம்பக்கத்துச் சனம் கிழமைக்கிழமை நோயாளி வீடுகளுக்குப் போய்வந்து பெரிய ஒரு அமைப்பையே கட்டியெழுப்பினார்கள். அதன் பிறகுதான் 2008இல் மாநில அரசு அதற்கென்று கொள்கை வகுத்தது. போனவர்களில் பெரும்பாலோர் டொக்டர்மார் இல்லை, உங்களைப் போன்ற ஆட்கள்தான்.

கதைக்க இன்னொரு நல்ல இடம் உங்கள் ஓட்டோ. பரந்தனில் ஏறி, ஆனையிறவு தாண்டி, பளை, கொடிகாமம் என்று போகும்போது நீங்கள் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்துக்கு முகம் சொல்ல முடியாததை ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டை நிறுத்தி வையுங்கள். பெற்றோல் காசு தந்தால் வாங்குங்கள். அவர் உங்களிடம் கையேந்தவில்லை என்ற எண்ணம் அவருக்கு மருந்துக்குச் சமம்.

நோவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணை மோர்பினைத் ‘தாங்கேலாத நேரம் மட்டும்’ போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் விளங்குகிறது. மோர்பின் என்றால் கடைசி ஊசி, பழகிவிடும், சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று எங்கள் ஊர்களில் நினைப்பு. புற்றுநோய் வலிக்கு அளவோடு கொடுக்கும் மோர்பின் ஆளைக் கொல்வதில்லை. வலியைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது, அது வர முன்னமே மருந்து உடம்பில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே சொன்னது இதைத்தான்: வாயால், மணி பார்த்து, படிப்படியாக. சாதாரண மோர்பின் குளிசை அல்லது பாணி என்றால் பெரும்பாலும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம். சரியான அளவை உங்கள் கிளினிக்தான் சொல்ல வேண்டும். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் தெளியாது. மோர்பின் எழுதித் தந்த நாளிலிருந்தே மலம் இளக மருந்தும் வேண்டும், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இன்னொரு விஷயம், பலர் அறியாமல் செய்வது: விழுங்க முடியவில்லை என்று குளிசையை அரைத்துக் கொடுப்பார்கள். மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் வகைக் குளிசையை ஒருபோதும் அரைக்கக் கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கக் கஷ்டம் என்றால் பாணியாகவோ தோலில் ஒட்டுவதாகவோ தர முடியுமா என்று கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் இரவில் நோவு கூடுகிறது என்றால் அது வெறும் உடம்பு நோவாக மட்டும் இல்லாமலும் இருக்கலாம். லண்டனில் 1967இல், மாறாத நோயாளரைக் கடைசிவரை பராமரிக்கும் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாக இருந்தவர், பிறகு சமூக சேவையாளராகி, கடைசியில் டொக்டரானவர். சாகிறவரின் வலியில் உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது என்று வற்புறுத்தியவர். அண்ணையின் இரவு நோவில் பாதி, ‘எனக்குப் பிறகு இவன் எங்கே படுப்பான்’ என்பதாக இருக்கும். அதற்கு மோர்பின் கேட்காது.

மணத்தைப் பற்றியும் வெட்கப்பட்டு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய்ப் புண்ணில் கிருமி சேர்வதால் வரும் மணம் அது. மெற்றோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணில் போடுவது இந்தத் துறையில் வழக்கம். இவருக்குப் பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வாயை உப்புத் தண்ணியால் அடிக்கடி கொப்பளிக்கட்டும், முடியாவிட்டால் பஞ்சால் துடைத்துவிடலாம். அறைக்குள் சாம்பிராணி அள்ளிப் போட்டு மூச்சு முட்ட வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். நீங்கள் மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் இருப்பதை அவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

புண்ணிலிருந்து திடீரென்று இரத்தம் கசியலாம், சில வேளை நிறையவே வரலாம். கடும் சிவப்பிலோ மண்ணிறத்திலோ இரண்டு மூன்று துவாய் வாங்கிக் கட்டிலடியில் வையுங்கள். வெள்ளைத் துவாயில் கொஞ்ச இரத்தமும் ஒரு குடம் போலத் தெரியும். ஆளைச் சரித்துப் பிடித்து, துவாயால் அழுத்தி, அம்புலன்ஸுக்கு 1990 என்ற நம்பருக்கு அடிக்க வேண்டும். அந்த நேரம் வீட்டில் பெடியன் தனியாக இருக்கக்கூடும், ஆகவே அவனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பயப்படுத்துவதற்கு இல்லை. என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளை, ஒன்றும் செய்யாமல் நின்றேனே என்று பின்னாளில் தன்னையே குற்றம் சொல்லாது.

புண் கழுவுவது, குளிக்க வார்ப்பது, மலசலம் — இவற்றை இயன்றவரை நீங்களும் வேறு ஆண்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கு முன்னால் உடுப்பில்லாமல் கிடப்பது பல தகப்பன்மாருக்கு நோயைவிடப் பெரிய வாதை. பெடியனுக்கு ஏதாவது ஒரு வேலை அவனுடையதாக இருக்கட்டும்: மருந்து நேரத்தைக் கொப்பியில் குறிப்பது, அல்லது இரவில் கால் பிடித்துவிடுவது. மற்ற நேரம் அவன் கிரிக்கெட் விளையாடப் போனால், போனில் கேம் அடித்துக்கொண்டிருந்தால், ‘அப்பா இப்படிக் கிடக்கேக்க’ என்று தொடங்காதீர்கள். ஊர் தொடங்கும், நீங்கள் நிறுத்துங்கள். பிள்ளைகள் துக்கத்துக்குள் போய்ப் போய் வெளியே வருவார்கள். எங்களைப் போல ஒரேயடியாக உட்கார்ந்து துக்கம் கொண்டாட அவர்களுக்குத் தெரியாது.

ஊர் இன்னொன்றும் சொல்லும்: ‘வெத்திலை போட்டுப் போட்டுத் தேடிக்கொண்ட வருத்தம்.’ புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பது உண்மை. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருப்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அண்ணைக்கு அல்ல, ஓட்டோத் தரிப்பிடத்தில் வாய் சிவக்க நிற்கும் உங்கள் கூட்டாளிகளுக்கு. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், வாய் முன்போல அகலத் திறக்க முடியாவிட்டால், ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் போடுகிறவர் என்றால் உங்களுக்கும்தான்.

இனி அந்த ‘ஓம்’. நீங்கள் கொடுத்த வாக்கு நல்ல மனசில் வந்தது. ஆனால் அளவில்லாத வாக்கு. அண்ணை அதை எப்படி விளங்கிக்கொண்டார், உங்கள் வீட்டில் ஒரு பாய் என்றா, பள்ளிக்கூடச் செலவு என்றா, அல்லது தெருவில் கண்டால் விசாரிப்பது என்றா? உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. மூன்று பிள்ளைகளுக்குச் சமைக்கிறவ அவதான். அவவுக்குத் தெரியாமல் கொடுத்த வாக்கை அவதான் சுமக்க வேண்டி வரும், அது நியாயமில்லை. இரண்டு பேரும் கதைத்து உங்களால் உண்மையில் முடிந்ததைத் தீர்மானியுங்கள். பிறகு அண்ணையிடம் போய்த் திருத்திச் சொல்லுங்கள்: “அண்ணை, என்ர வீட்டில வைச்சிருக்கிறன் எண்டு சொல்லேலாது. ஆனா அவன் படிச்சு முடியுமட்டும் கிழமைக்கு ஒருக்கா என்ர கண்ணில படுவான். பள்ளிக்கூட விஷயம், கந்தோர் விஷயம் எல்லாத்துக்கும் நான் கூடப் போவன்.” இதைக் கேட்டு அவர் மனம் உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மொட்டையான ஓம் என்பதைவிட இப்படி எல்லை தெரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணை மூடலாம்.

ஆர் வளர்ப்பது என்ற கேள்வி சின்னம்மாவுக்கும் போக வேண்டும். அவவை வரவழைத்து, அண்ணை, பெடியன், அவ மூன்று பேரும் ஒன்றாக இருந்து கதைக்கட்டும். 16 வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டே கதைக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம், வவுனியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று அவனுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். 18 வயது ஆகாதபடியால், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே ஒருதரம் கதைத்து வைப்பது நல்லது. பிறகு ஆராவது வந்து பெடியனை இழுபறிப்படுத்தாமல் இருக்க உதவும்.

கந்தோர் வேலை உங்களுக்கு ஏற்ற வேலை, ஓட்டோ இருக்கிறது, அலையலாம். அண்ணையின் காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால், பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, ஆருடைய பெயர் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பாருங்கள். 2009க்கு முன்னர் எடுத்த பத்திரங்களில் செத்துப்போன மனைவியின் பெயரே இன்னும் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அண்ணைக்குக் கையெழுத்து வைக்கத் தெம்பு இருக்கும்போதே மகனின் பெயரைப் பதிவித்துவிட்டால், பின்னாளில் அந்தப் பெடியன் வருசக்கணக்கில் கந்தோர் படி ஏறத் தேவையில்லை. பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். கூடவே அம்மாவின் மரணச் சான்றிதழ், பெடியனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. 15 வயதிலேயே அடையாள அட்டை எடுக்க வேண்டும், எடுத்திருக்கிறானா என்று கேளுங்கள், சோதினைக்கும் அது வேண்டும். சமூகசேவை உத்தியோகத்தரிடம் புற்றுநோயாளருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

கடைசி நாள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். சாப்பாடு குறையும், பிறகு தண்ணியும் வேண்டாம் என்பார். ‘பட்டினியாப் போறாரே’ என்று வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடம்பு வேலையை நிறுத்திக்கொண்டு வரும்போது அதற்குச் சாப்பாடு தேவைப்படுவதில்லை. சேலைன் ஏற்றினாலும் அந்த நேரத்தில் பெரிய பலன் இராது, சில வேளை கை கால் வீங்கிச் சளி கூடும். நனைத்த பஞ்சால் உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருங்கள், அது போதும். கூடுதலாக நித்திரை கொள்வார். கை கால் குளிரும். மூச்சு வேகமாகி, நின்று, திரும்ப வரும். தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும். அது கேட்கிறவர்களுக்குத்தான் கொடுமை, அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒரு பக்கமாகச் சரித்துவிட்டால் குறையும். இதையெல்லாம் பெடியனுக்கும் முன்னமே சொல்லி வையுங்கள். காது கேட்கிறது என்றே நினைத்துக்கொண்டு நடவுங்கள், காணிச் சண்டையும் செத்தவீட்டுக் கணக்கும் கட்டிலடியில் வைத்துக் கதைக்க வேண்டாம்.

வீட்டிலா, தருமபுரம் ஆஸ்பத்திரியிலா, கிளிநொச்சியிலா, எங்கே இருக்க விரும்புகிறார் என்று இப்போதே கேட்டு, சின்னம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். கேட்டு வைக்காவிட்டால் கடைசி இரவில் பதற்றத்தில் ஆராவது அம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், அவர் கண்ணை மூடுவது வழியில் நடக்கும். வீட்டில் இறந்தால் கிராம சேவகருக்கு அறிவித்து மரணத்தைப் பதிய வேண்டும். கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், அப்போது தேவைப்படும். கொள்ளி வைப்பது, மொட்டை வழிப்பது எல்லாம் பெடியனின் தலையில் விழும். என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று முதல் நாளே அவனுக்கு விளங்கப்படுத்த ஒரு பெரியவரைப் பிடியுங்கள். செய்ய மாட்டேன் என்றாலும் திட்டக் கூடாது.

செத்தவீட்டுக்கு ஊரே வரும். அந்தியேட்டி வரைக்கும் அடுப்பு எரியும். அதற்குப் பிறகுதான் வீடு வெறுமையாகும். நீங்கள் போக வேண்டிய காலம் அது. இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், ஓ.எல். முடிவு வரும் நாள், அப்பாவின் முதல் திவசம். நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், பள்ளிக்கூடமும் போகாமல் கிழமைக்கணக்கில் கிடந்தால், ‘நானும் அப்பாட்டயே போறன்’ என்பதுபோல ஏதும் சொன்னால், பகிடியாக எடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு நேரமென்றால் 1926 என்ற மனநல உதவி நம்பருக்கு எடுத்துக் கதைக்கலாம், 24 மணி நேரமும் இருப்பார்கள். உங்களுக்கும் அது பொருந்தும். சொந்தக்காரன் இல்லை என்றபடியால் உங்களிடம் ஒருத்தரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் கூட இருந்தவருக்குத் துக்கம் வராமல் போகாது. மனைவியிடம் சொல்லி அழுங்கள்.

இந்தக் கிழமைக்கு இரண்டு வேலை. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மோர்பின் நேரத்தையும் மலம் இளகும் மருந்தையும் சரிபார்ப்பது ஒன்று. மனைவியிடம் கதைப்பது மற்றது. சின்னம்மாவின் நம்பர் பெடியனின் போனில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை உங்கள் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.